நோஷன் தன் பக்கங்களைச் சேமித்த விதம்: ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலிருந்து 480 ஷார்டுகள் வரை

பலர் ஒரே நேரத்தில் ஒரே ஆவணத்தில் வேலை செய்யும் மென்பொருளை எழுதத் தொடங்கும் எந்தக் குழுவுக்கும் சீக்கிரமே ஒரு கேள்வி வந்துவிடும்: ஆவணத்தை எங்கே, எந்த வடிவில் வைப்பது? முழுதாக ஒரு கோப்பாக வைக்கலாம். ஜேசன் என்ற உரை வடிவில் ஆவணத் தரவுத்தளம் ஒன்றில் வைக்கலாம். சிறு சிறு துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் டேபிளில் ஒரு பதிவாகவும் வைக்கலாம். மூன்றாவது வழியில் வெகுதூரம் போன நிறுவனம், பலர் சேர்ந்து குறிப்புகள் எழுதும் மென்பொருளைத் தரும் சான் பிரான்சிஸ்கோவின் நோஷன். போன வழியில் என்னென்ன நடந்தது என்பதை அதன் பொறியாளர்களே 2021, 2023, 2024 ஆண்டுகளில் விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்கள்.

இந்த அனுபவத்தை "போஸ்ட்கிரெஸ் தாங்கவில்லை, அதனால் உடைத்தார்கள்" என்று சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுருக்கத்தில் உடன்பாடு இல்லை. போஸ்ட்கிரெஸ் போன்ற, தரவை டேபிள்களாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளம் கொடுத்த முக்கியமான ஒன்றை நோஷன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. பல பதிவுகளில் செய்யும் மாற்றம் முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது என்ற உறுதிதான் அது. அந்த உறுதியைக் காப்பாற்றுவதற்காகவே அவர்கள் தரவை ஷார்டுகளாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, எந்தக் கோட்டில் வெட்டுவது என்று அத்தனை கவனமாக யோசித்தார்கள்.

எல்லாமே பிளாக்

நோஷனில் ஒரு பத்தி ஒரு பிளாக். ஒரு தலைப்பு, ஒரு படம், செய்யவேண்டிய பட்டியலில் ஒரு வரி, பட்டியல் டேபிளில் ஒரு பதிவு எல்லாம் பிளாக். பக்கமும் ஒரு பிளாக்தான். ஒவ்வொன்றுக்கும் யூயூஐடி என்ற, வேறு எதோடும் மோதாத அடையாள எண் உண்டு. அது எந்த வகைப் பிளாக் என்பதும், அதன் உள்ளடக்கப் பண்புகளும் தனித்தனியாக இருக்கும். ஒரு வரியைச் செய்யவேண்டிய பட்டியலிலிருந்து தலைப்பாக மாற்றினால் வகை மட்டும் மாறும், பண்புகள் அப்படியே தங்கும். அதனால்தான் திரும்பப் பழைய வகைக்கு மாற்றும்போது டிக் அடித்த குறிகூட இருந்த இடத்தில் இருக்கிறது.

பிளாக்குகளை மரமாகக் கோப்பவை இரண்டு சுட்டிகள். தாய் பிளாக்கில் தன் பிள்ளைகளின் எண்கள் வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு பட்டியல் இருக்கும். பிள்ளையில் தன் தாய் யார் என்ற ஒரே ஒரு எண் இருக்கும். முதலாவது பக்கத்தைத் திரையில் வரைய. இரண்டாவது அனுமதியைச் சரிபார்க்க: இந்த வரியை இவர் பார்க்கலாமா என்ற கேள்விக்குத் தாய், தாயின் தாய் என்று மேலே ஏறிப் போய் விடை கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே உறவை இரண்டு இடத்தில் எழுதி வைப்பது தரவுத்தளப் பாடத்தில் தவறு என்று சொல்லித்தரப்படுவது. இங்கே அது வேண்டுமென்றே செய்தது. பிள்ளைகளின் பட்டியலை மட்டும் நம்பினால், ஒரே பிளாக் இரண்டு தாய்களின் பட்டியலில் இருக்கும்போது அது யாருடைய அனுமதிக்குக் கட்டுப்பட்டது என்று சொல்ல முடியாது. தனியாக ஒரு தாய்ச் சுட்டி இருந்தால் குழப்பம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு சுட்டிகளும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று எழுதப்பட்டு மற்றது எழுதப்படாமல் போனால், யாருடைய பக்கத்திலும் தெரியாத அனாதை வரி ஒன்று டேபிளில் கிடக்கும். அதைவிட மோசமாக, பார்க்கக்கூடாதவர் பார்க்கும் வரி ஒன்று உருவாகலாம்.

இங்கேதான் உறவுமுறைத் தரவுத்தளம் தன் கூலியைச் சம்பாதிக்கிறது. நீங்கள் என்டர் தட்டிப் புதிய வரி தொடங்கும்போது புதிய பதிவு உருவாகிறது, தாய்ச் சுட்டி எழுதப்படுகிறது, தாயின் பட்டியலில் சரியான இடத்தில் புதிய எண் செருகப்படுகிறது. இவை எல்லாம் பிரிக்க முடியாத ஒரே மாற்றமாக, அதாவது ஒரே டிரான்ஸாக்‌ஷனாகக் கட்டப்பட்டு சர்வருக்குப் போகின்றன. அதுவரை உங்கள் கருவியிலேயே, பிரவுசர் என்றால் இன்டெக்ஸ்டுடிபி என்ற உள் சேமிப்பிலும் செயலி என்றால் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்திலும், வரிசையில் காத்திருக்கும். சர்வர் சம்பந்தப்பட்ட பதிவுகளின் பழைய நிலையை எடுத்து, மாற்றத்தைப் பொருத்திப் பார்த்து, அனுமதியும் ஒத்திசைவும் சரியா என்று சோதித்து, அப்புறம்தான் எழுதும். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் மற்றவர்களுக்கு வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பு வழியாகச் செய்தி போகும். இந்தப் பதிவின் புதிய பதிப்பு எண் இது என்பதுதான் செய்தி. தன்னிடம் பழையது இருப்பதைக் கண்ட கருவி புதியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மாற்றங்கள் அனுப்பப்படும் வடிவத்தையும் கவனியுங்கள். "பட்டியல் இனிமேல் இதுதான்" என்று கருவி சொல்வதில்லை. "இந்த வரிக்குப் பின்னால் இதைச் செருகு" என்று சொல்கிறது. இருவர் ஒரே பக்கத்தில் ஒரே நொடியில் ஆளுக்கொரு வரி சேர்த்தாலும், சர்வர் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்துவதால் இரண்டு வரியும் பிழைக்கின்றன. ஒரே பத்திக்குள் இருவர் எழுத்தெழுத்தாகத் தட்டும் பிரச்சினை வேறு. அதைத் தரவுத்தளத்திடம் விடவே முடியாது, மென்பொருள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலி எங்கிருந்து வந்தது

அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் ஓடிய ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் நோஷனை ஐந்து ஆண்டுகள் சுமந்தது. அந்தக் காலத்தில் தரவு பத்தாயிரம் மடங்கு அளவில் பெருகியது. ஒரு சாதாரண தரவுத்தளம் இவ்வளவு தூரம் வந்தது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. முதல் நாளிலேயே பத்து சர்வர்களில் பரப்பத் துடிக்கும் புதுக் குழுக்கள் இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

2020-ன் நடுவில் அறிகுறிகள் தெரியத் தொடங்கின. சிபியு அடிக்கடி உச்சத்தைத் தொட்டது, பணியில் இருந்த பொறியாளர்கள் நடு இரவில் எழுப்பப்பட்டார்கள், டேபிளின் அமைப்பை மாற்றுவதே ஆபத்தான வேலையாகிவிட்டது. ஆனால் முடிவை எடுக்க வைத்தது இவை எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸின் 'வேக்கம்' என்ற துப்புரவு வேலை முடியாமல் திரும்பத் திரும்ப நின்றுபோனதுதான் அது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டுப்பணி மென்பொருளின் இயல்பே இங்கே அகப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவை மாற்றும்போது பழையதன் மேல் எழுதுவதில்லை. மாற்றத்தோடு புதிய நகல் ஒன்றை எழுதிவிட்டு, பழையதை அங்கேயே விட்டுவைக்கும். அதே நேரத்தில் வாசித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர் பழைய நிலையை இடையூறு இல்லாமல் பார்க்க முடிவது இதனால்தான். யாருக்கும் தேவைப்படாத செத்த நகல்களைப் பின்னர் பொறுக்கி, அந்த இடத்தை மறுபயன்பாட்டுக்குத் திறந்துவிடுவது வேக்கமின் வேலை.

வங்கிக் கணக்கு மென்பொருளில் பெரும்பாலும் புதிய பதிவுகள் சேரும், பழையவை அசையாமல் இருக்கும். மக்கள் எழுதும் மென்பொருளில் அப்படி இல்லை. ஒரே வரியைத் தட்டுவார்கள், அழிப்பார்கள், மீண்டும் தட்டுவார்கள், இழுத்து வேறு இடத்தில் போடுவார்கள். நோஷனில் தரவுத்தளத்தில் எழுதும் செயல்களில் ஏறத்தாழ 90 சதவீதம் ஏற்கெனவே உள்ள பதிவை மாற்றுபவை என்று அவர்களே 2024-ல் எழுதினார்கள். அதாவது டேபிளில் செத்த நகல்கள் ஓயாமல் குவிந்துகொண்டே இருக்கும்.

பட்டியல் சுட்டி இந்தச் சுமையைக் கூட்டும் என்பது என் கணிப்பு. 300 வரிகள் உள்ள பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு எண் 16 பைட் என்று வைத்தாலும் பிள்ளைகளின் பட்டியல் மட்டும் 4,800 பைட். நடுவில் ஒரு வரி சேர்த்தால் பட்டியல் மாறியதாகத்தான் கணக்கு, எனவே முழுப் பட்டியலும் புதிதாக எழுதப்படும். பதிவு 2 கிலோபைட்டைத் தாண்டினால் போஸ்ட்கிரெஸ் பெரிய மதிப்புகளைச் சுருக்கும், தேவைப்பட்டால் தனி டேபிளுக்குத் தள்ளும். அங்கேயும் குப்பை சேரும், அங்கேயும் துப்புரவு வேண்டும்.

பலர் சேர்ந்து வரையும் வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மா இந்த இடத்தில் வேறு வழியில் போனது. அங்கே பிள்ளைகளின் பட்டியல் தாயிடம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய் யார், தன் இடம் எது என்பதைத் தானே வைத்திருக்கும். இடம் என்பது 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு பின்னம். இரண்டு பொருட்களுக்கு நடுவில் ஒன்றைச் செருக, அவற்றின் பின்னங்களுக்கு நடுவில் ஒரு பின்னம் கொடுத்தால் போதும். தாயைத் தொடவே வேண்டாம். தவிர ஃபிக்மா வரைபடத்தின் உள்ளடக்கத்தை உறவுமுறை டேபிளில் பதிவு பதிவாக வைப்பதும் இல்லை. திறந்திருக்கும் கோப்பு சர்வரின் நினைவகத்தில் உயிரோடு இருக்கும், குறிப்பிட்ட இடைவெளியில் முழுக் கோப்பாக அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-க்குப் போகும். கோப்பு யாருடையது, யாருக்கு அனுமதி, என்ன கருத்து எழுதினார்கள் போன்ற சுற்றுத் தகவல்தான் போஸ்ட்கிரெஸில் இருக்கும். வரைபடத்தில் ஒரு பொருளை இழுக்கும்போது நொடிக்குப் பல மாற்றங்கள் பிறக்கின்றன, அவற்றை டேபிளில் எழுதுவதில் அர்த்தமில்லை. நோஷனில் நிலைமை வேறு. அங்கே ஒரு வரியைத் தனியாகத் தேடலாம், தனியாக அனுமதி பார்க்கலாம், வேறு பக்கத்துக்கு நகர்த்தலாம். வரியே ஒரு பதிவாக இருப்பது அங்கே பொருந்துகிறது. இரண்டுமே சரியான முடிவுகள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, வேக்கம் நின்றுபோனால் என்ன ஆகும்? வட்டு நிரம்புவதையாவது பணம் கொடுத்துச் சமாளிக்கலாம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு எழுதும் டிரான்ஸாக்‌ஷனுக்கும் 32 பிட் எண் ஒன்றைக் கொடுக்கிறது. மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். எது பழையது, எது புதியது என்று வட்டமாகச் சுற்றி ஒப்பிடுவதால் பயன்படக்கூடியது அதில் பாதிதான். மிகப் பழைய பதிவுகளை 'உறைந்தது' என்று வேக்கம் குறித்து வைக்காவிட்டால், எண்கள் அந்தப் பாதியைத் தாண்டியதும் அந்தப் பதிவுகள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவைபோல் தோன்றி மறைந்துபோகும். அது நடக்க விடாமல் போஸ்ட்கிரெஸ் அதற்கு முன்பே எழுதுவதை மறுத்துவிடும். தரவு பத்திரமாக இருக்கும், ஆனால் சேவை நின்றுவிடும். 2015-ல் பிழை கண்காணிப்புச் சேவையான சென்ட்ரிக்கும் 2019-ல் மெயில்சிம்பின் மின்னஞ்சல் சேவையான மாண்ட்ரில்லுக்கும் இது நேர்ந்திருக்கிறது. நோஷன் பயந்தது இதற்குத்தான். எழுத முடியாத குறிப்பேட்டை எந்தப் பயனர் திறப்பார்?

எங்கே வெட்டுவது

பெரிய இயந்திரம் வாங்குவது என்ற வழி ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடுகிறது. விலை மட்டும் காரணமில்லை. டேபிளும் அதில் வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ்களும் பெருத்தால் துப்புரவும் பராமரிப்பும் எந்த இயந்திரத்திலும் இழுத்தடிக்கும். தரவைப் பல தரவுத்தளங்களில் பிரித்து வைக்கும் (ஷார்டிங்) சைட்டஸ், விட்டெஸ் போன்ற ஆயத்தக் கருவிகளையும் பார்த்தார்கள். தரவு எங்கே போய் உட்காரும் என்பது தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஷார்டிங்கைத் தங்கள் மென்பொருளுக்குள்ளேயே எழுதினார்கள்.

பெரிய டேபிள் பிளாக் டேபிள்தான், அதை மட்டும் பிரித்தால் போதாதா? போதாது. ஒரு பிளாக்கில் உரையாடல் இருக்கிறது, உரையாடலில் கருத்துகள் இருக்கின்றன. பிளாக் ஒரு தரவுத்தளத்திலும் கருத்து இன்னொன்றிலும் இருந்தால், ஒரே டிரான்ஸாக்‌ஷனில் இரண்டையும் மாற்ற முடியாது. முதலாவது வெற்றி, இரண்டாவது தோல்வி என்றால் நான் மேலே சொன்ன உறுதி போய்விடும். அதனால் பிளாக்கோடு ஏதாவது ஒரு வழியில் இணைந்த எல்லா டேபிள்களையும் சேர்த்தே பிரிப்பது என்று தீர்மானித்தார்கள்.

அடுத்து, எந்தப் பதிவு எங்கே போகும் என்று தீர்மானிக்கும் எண் எது? பிளாக்கின் எண்ணை வைத்துப் பிரித்தால் சுமை மிக அழகாகச் சமமாகும், ஆனால் ஒரே பக்கத்தின் வரிகள் எல்லாத் தரவுத்தளங்களிலும் சிதறும். அவர்கள் தேர்ந்தெடுத்தது பணியிடத்தின் எண். ஒரு நிறுவனம், ஒரு குடும்பம், ஒரு வகுப்பு என்று மக்கள் கூடி வேலை செய்யும் வட்டம் அது. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு பணியிடத்துக்குள்தான் இருக்கிறார், பிளாக்குகளும் ஒரு பணியிடத்துக்குத்தான் சொந்தம். அந்தக் கோட்டில் வெட்டினால் ஏறக்குறைய எல்லா வாசிப்பும் எல்லா டிரான்ஸாக்‌ஷனும் ஒரே தரவுத்தளத்துக்குள் முடிந்துவிடும். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இது. மக்களின் கூட்டம் எங்கே முடிகிறதோ அங்கேயே டிரான்ஸாக்‌ஷனின் எல்லையையும் வைத்தார்கள்.

எண்ணிக்கை: 32 தரவுத்தளங்கள், ஒவ்வொன்றிலும் 15 ஸ்கீமா (டேபிள்களின் தனித் தொகுதி), ஆக 480 ஷார்டுகள். ஒரு டேபிள் 500 ஜிபியையும் ஒரு தரவுத்தளம் 10 டிபியையும் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். 512 என்று இரண்டின் அடுக்காக வைத்திருக்கலாமே என்று கணினிக்காரர்களுக்குத் தோன்றும். 512-ஐச் சமமாகப் பங்கிட வேண்டுமானால் 32-லிருந்து நேரே 64 இயந்திரத்துக்குத்தான் தாவ முடியும். 480-ஐ 32, 40, 48, 60, 80, 96 என்று பல எண்களால் மீதியில்லாமல் வகுக்கலாம். தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றியது

பழைய தரவுத்தளத்தில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் தணிக்கைக் குறிப்பாக ஒரு டேபிளில் எழுதி, பின்னாலேயே ஒரு ஸ்கிரிப்ட் அவற்றைப் புதியவற்றில் பொருத்திக்கொண்டே வந்தது. மாற்றங்களைத் தானே இன்னொரு தரவுத்தளத்துக்கு அனுப்பும் போஸ்ட்கிரெஸின் லாஜிக்கல் ரெப்ளிகேஷனையும் பரிசீலித்தார்கள். ஆனால் முதல் முழு நகலை எடுக்கும்போது பிளாக் டேபிளின் எழுதும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. பழைய தரவை நகலெடுக்க 96 சிபியு உள்ள இயந்திரம் சுமார் மூன்று நாள் ஓடியது. நகலெடுக்கும்போது பதிப்பு எண்ணை ஒப்பிட்டு, புதியது ஏற்கெனவே இருந்தால் விட்டுவிட்டார்கள். அதனால் எது முந்தி வந்தாலும் பாதகமில்லை.

சரிபார்ப்பு இன்னும் நேர்த்தி. யூயூஐடி எண்களில் ஒரு தொடர்ச்சியான பகுதியை எடுத்து இரண்டு பக்கமும் பதிவு பதிவாக ஒப்பிட்டார்கள். உண்மையான பயனர்களின் வாசிப்புகளில் சிலவற்றை இரண்டு பக்கத்திலும் ஓட்டி விடைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். இதனால் சேவை சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். நகலெடுக்கும் நிரலையும் சரிபார்க்கும் நிரலையும் வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார்கள். ஒருவரே இரண்டையும் எழுதினால் ஒரே தவறு இரண்டிலும் புகுந்து, ஒன்றையொன்று மறைத்துவிடும் என்பது காரணம். எந்தத் தரவு மாற்றத்துக்கும் இதைப் பின்பற்றலாம், செலவும் அதிகமில்லை. ஏதாவது கோளாறு என்றால் பழையதற்கே திரும்ப, எதிர்த் திசையிலும் தணிக்கைக் குறிப்பும் ஸ்கிரிப்டும் தயாராக வைத்திருந்தார்கள். அது தேவைப்படவில்லை.

கடைசி மாற்றத்துக்கு ஐந்து நிமிடம் சேவையை நிறுத்தினார்கள். இன்னும் ஒரு வாரம் உழைத்திருந்தால் அந்த ஐந்து நிமிடமும் தேவைப்படாமல் போயிருக்கலாம் என்று பின்னர் எழுதினார்கள். அவர்கள் சொன்ன இன்னொரு பாடம், சீக்கிரமே பிரித்திருக்க வேண்டும் என்பது. பழைய தரவுத்தளம் ஏற்கெனவே மூச்சுத் திணறும் நிலையில் இருந்ததால், மாற்றத்துக்கான கூடுதல் சுமையை அதன் தலையில் ஏற்றவே யோசிக்க வேண்டியிருந்தது.

480-ஐத் தேர்ந்தெடுத்ததன் பலன் 2023-ல் தெரிந்தது. சில தரவுத்தளங்களில் உச்ச நேரத்தில் சிபியு 90 சதவீதத்தைத் தாண்டியபோது 32-ஐ 96 ஆக்கினார்கள். ஒவ்வொன்றிலும் இருந்த 15 ஸ்கீமாக்கள் ஐந்து ஐந்தாக மூன்று இயந்திரங்களுக்குப் போயின. எந்தப் பணியிடம் எந்த ஷார்டு என்ற கணக்கு ஒரு எழுத்தும் மாறவில்லை, ஷார்டு குடியிருக்கும் வீடு மட்டும்தான் மாறியது. இந்த முறை லாஜிக்கல் ரெப்ளிகேஷனே போதுமானதாக இருந்தது. இன்டெக்ஸ்களை நகலெடுத்த பின் கட்டியதால் மூன்று நாள் வேலை 12 மணி நேரத்துக்குக் குறைந்தது. சேவையை நிறுத்தாமலே முடித்தார்கள்.

உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு வெளியே அவர்கள் கொண்டுபோனது பகுப்பாய்வு வேலையை. 2021 தொடக்கத்தில் 2,000 கோடிக்கு மேல் இருந்த பிளாக்குகள் 2024-க்குள் 20,000 கோடியைத் தாண்டின. இவ்வளவையும் தேடலுக்கும் அறிக்கைகளுக்கும் அலச போஸ்ட்கிரெஸைத் தொந்தரவு செய்ய முடியாது. மாற்றங்களை டெபீசியம் என்ற கருவி பிடித்துக் காஃப்கா என்ற செய்தி வரிசையில் போட, அவை அங்கிருந்து எஸ்3-ல் ஹூடி என்ற வடிவில் உள்ள டேபிள்களுக்குப் போகின்றன. மக்கள் எழுதுவதைப் பெற்றுக்கொள்ளும் இடமாக போஸ்ட்கிரெஸ் அப்படியே இருக்கிறது.

இன்று தொடங்கும் குழுவுக்கு

இதைப் படித்துவிட்டு முதல் நாளே 480 ஷார்டு போட வேண்டாம். ஆனால் ஒன்றை முதல் நாளே செய்யலாம், செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை: எல்லா டேபிளிலும் பணியிட எண்ணை ஒரு புலமாக வையுங்கள். பிரிக்கும் எண்ணைத் தனிப் புலமாக வைக்காமல், பதிவின் எண்ணோடு சேர்த்து ஒரே முதன்மைச் சாவியாக ஆக்கியிருக்கலாம் என்று நோஷன் பொறியாளர்களும் பின்னர் எழுதினார்கள். அப்படிச் செய்தால் இரண்டையும் மென்பொருள் முழுக்கத் தனித்தனியாகச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம்.

அப்புறம், வாசிப்பு வேகத்தை மட்டும் கண்காணித்தால் போதாது. ஒவ்வொரு டேபிளிலும் செத்த பதிவுகள் எத்தனை, தானியங்கி வேக்கம் கடைசியாக எப்போது முடிந்தது, மிகப் பழைய உறையாத டிரான்ஸாக்‌ஷனின் வயது என்ன என்ற மூன்றையும் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 20 கோடி டிரான்ஸாக்‌ஷன் வயதில் கட்டாயத் துப்புரவைத் தொடங்கிவிடும். அந்த எண் தாண்டியும் வயது ஏறிக்கொண்டே போனால், துப்புரவு எங்கோ சிக்கியிருக்கிறது என்று பொருள். மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும் டிரான்ஸாக்‌ஷன் ஒன்றைக் கண்டுபிடித்து மூடினாலே பல நேரம் சரியாகிவிடும்.

பணியிடக் கோட்டுக்கும் எல்லை உண்டு. ஒரே வாடிக்கையாளரின் பணியிடம் மற்ற ஆயிரத்தையும்விடப் பெரிதாக வளர்ந்தால், அதை அதற்கு மேல் உடைக்க இந்த முறையில் வழியில்லை. அந்த ஷார்டைத் தனி இயந்திரத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு பக்கத்தை ஒரு பணியிடத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்வதும் இங்கே வெறும் சுட்டி மாற்றமாக இருக்க முடியாது. இரண்டும் வேறு தரவுத்தளங்களில் இருக்கலாம் என்பதால், கருத்துகளோடும் அனுமதிகளோடும் புதிதாக நகலெடுத்து, பின்னர் பழையதை நீக்க வேண்டும். உங்கள் பயனர்கள் அடிக்கடி அப்படிப் பக்கங்களை இடம் மாற்றுபவர்கள் என்றால், பணியிட எண்ணால் பிரிப்பதற்கு முன்னாலேயே அந்த நகலெடுக்கும் வேலையை எழுதிப் பார்த்துவிடுங்கள்.